நவமணி20

அனுப்புநர் என்று எழுதிப்
பெயரைப் போட்டதும் பேனா நின்றுவிட்டது.
என் பெயர் இப்போது என் பெயர் மட்டுமில்லை.
வாலில் ஓர் இருபதை ஒட்டிக்கொண்டு
தறிக்கூடம் தறிக்கூடமாய்ப் போய்வந்திருக்கிறது.

சோமனூரில் நைட்டியும் துண்டும்
காட்டிப் பேசிக்கொண்டிருந்தவள் ஐயா நான்.
உங்கள் நோட்டீஸில் 'விளம்பரதாரர்'.
எங்கள் வீதியில் 'போன்ல பேசற புள்ள'.
நைட்டி ஒன்றுக்குப் பதினோரு ரூபாய்.
மாத்திரைக்காரர்கள் நூற்றுக்குப் பன்னிரண்டு தந்தார்கள்.
முகம் பார்த்ததில்லை, குரல் கேட்டதில்லை.
ஒரு பச்சைச் சிலுவைதான் அவர்கள் முகம்.

"முதுகு வலிங்களா?
ஒரு நாள் கூலிய உட்டுப்போட்டு
டாக்டர் வாசல்ல உக்காரோணுங்களா?
எம்பேரப் போடுங்க, ஊட்டுக்கே வருமுங்."
இதை எழுதியது நான்தான்.
அவர்கள் தந்த வரிகளில் வலி இருந்தது,
கூலி இல்லை.
கூலியை நான் சேர்த்தேன்.
அதுதான் விற்றது.

பண்ணாரி மெடிக்கல்ஸ்காரர்
குருந்தாசலத்தை ஏழு தரம் திருப்பி அனுப்பினாராம்,
சீட்டுக் கொண்டா, சீட்டுக் கொண்டா என்று.
அவர் குரலை நடித்துக்காட்டி
ஒரு வீடியோவில் சிரித்திருக்கிறேன்.
நாலாயிரம் பேர் கூடச் சிரித்தார்கள்.

குருந்தாசலம் பாவு பிணைக்கிறவர்.
இரண்டு ஷிப்ட், ஒரே முதுகு.
நாளுக்கு நாலு மாத்திரை, எட்டு மாதம்.
அட்டையில் கம்பெனிப் பெயரில் ஓர் எழுத்துப் பிழை;
பிழை திருத்தவா வாங்கினார் அவர்?
இப்போது வாரம் இரண்டு நாள் கோயமுத்தூரில்
ஒரு மெஷின் அவர் ரத்தத்தை அலசித் தருகிறது.

பல்லடத்து வக்கீல் ஒரே வரி போதும் என்கிறார்:
'சீட்டு தேவை என்பது எனக்குத் தெரியாது.'
எந்த மாத்திரை எந்த வேலிக்குள் என்று
சட்டத்தில் அட்டவணை இருக்கிறதாம்.
உரிமம் இல்லாத கடைக்கு ஆள் கூப்பிட்டால்
கூப்பிட்ட வாய்க்கு எவ்வளவு பங்கு என்பதைக்
கோர்ட்டில் பேசிக்கொள்ளலாம்,
இப்போதைக்குத் தெரியாதுன்னு எழுதும்மா என்றார்.

மூன்று நகல் எழுதினேன்.
கையெழுத்துப் போடும் இடத்துக்கு வந்ததும்
மூன்றையும் கிழித்தேன்.
ஒரு ராத்திரி அவர்களிடம் கேட்டிருக்கிறேன் ஐயா:
"சீட்டு இல்லாம குடுக்கலாங்களா?"
பதிலுக்கு ஒரு சூரியகாந்திப் பூ வந்தது.
வேறொன்றும் இல்லை, பூ.
அதற்குக் கீழே ஒரு கும்பிடு வைத்துவிட்டுத்
தூங்கிப்போனேன்.
மறுமாதம் வண்டிக்கு முன்பணம் கட்டினேன்.

மயிலாத்தாள், குருந்தாசலத்தின் சம்சாரம்,
போன செவ்வாய் வந்திருந்தார்.
திட்டட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.
தண்ணீர் வாங்கிக் குடித்தார். முந்தானையில் வாய் துடைத்தார்.
"அம்மிணி, அந்த இருவது இன்னும் ஓடுதுங்களா?
ஆஸ்பத்திரில எழுதுனதுல ஒண்ணு
வெளிய வாங்கோணுமாமா.
உங்க பேரச் சொன்னாக் கொறையும்னு
அவருதானுங் சொல்லியுட்டாரு."

ஓடுகிறது. அதுதான் விஷயம்.
நிறுத்தச் சொல்லி ஆறு முறை எழுதிவிட்டேன்,
ஆறு பூக்கள் வந்தன.
வீடியோக்களை அழித்தேன்; யார் யாரோ
எடுத்து வைத்துப் பரப்புகிறார்கள்.
என் வாய் என்னை விட்டுப்போய்த்
தனியாகப் பேசிக்கொண்டிருக்கிறது.

இது நான்காவது நகல்.
தெரியாது என்ற வரி இதில் இல்லை.
வக்கீலுக்குக் காட்டவில்லை.
இணைப்பு: வங்கிக் கணக்கு, எட்டு மாதம்.
இணைப்பு: பூ, ஒரு பக்கம்.

ஒட்டுவதற்குள் போன் அதிர்கிறது.
வாழ்த்துகள் நவமணி, நாற்பத்தாறு ரூபாய்.
ஊர் அவிநாசி என்று காட்டுகிறது.
யாருடைய முதுகு என்று காட்டவில்லை.