கல் படாத முதுகு

காலை எட்டரைக்குக் கல்லைச் சோப்பில் கழுவி
ஸ்பிரிட்டில் துடைத்து, வெள்ளைத் துணியில் கிடத்துவேன்.
'குளிப்பாட்டியாச்சு, பொட்டும் வைத்துவிடு' என்பாள் மொனிக்.
அவள் தாய்வழியில் ஹக்கா; குவாஷா அவளுக்குப் பிறந்த வீட்டுச் சீதனம்.
எனக்கு அது சம்பளம்.

ஃபிளிக் ஆன் ஃபிளாக், கடல் பார்த்த ஹோட்டல், மூன்றாம் அறை.
மணிக்கொரு தேசம் குப்புறப் படுத்திருக்கும்.
முதலில் எண்ணெய். எண்ணெய் காணாத தோலில் கல்
சரளைப் பாதையில் சைக்கிள்.
நிமிர்த்திப் பிடித்தால் அது கத்தி.
சாய்த்துப் பிடித்தால் உள்ளங்கை.

கழுத்திலிருந்து தோளுக்கு, ஒரே திசை.
முதுகில் மேலிருந்து கீழே, தண்டெலும்பின் இரு கரையிலும்.
ஆற்றில் இறங்காமல் கரையோடு நடப்பதுதான் வேலை.
முகம் என்றால் இறகு; சிவந்தால் நீ தோற்றாய்.
தொண்டைப் பக்கம் போகவே போகாதே.
கெண்டைக்காலில் நரம்பு முறுக்கிப் புடைத்திருந்தால்
வணக்கம் வைத்துவிட்டு விலகு.
பிள்ளை தங்கிய வயிற்றில் கல்லுக்கு இடமில்லை,
அவள் இடுப்பிலும் இல்லை.
மச்சம், பரு, ஆறாத புண்:
சுற்றிக்கொண்டு போ.

போன மாதம் ஒருவர், வெயிலில் இறாலாக வெந்தவர்,
'காசு கொடுத்தாயிற்று, தேய்' என்றார்.
கற்றாழை பூசி அனுப்பினேன்.
மேனேஜர் இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை.

செம்புள்ளி எழும்பியதும் நிறுத்து.
இன்னும் இன்னும் என்பார்கள்.
நிறுத்து.
மூன்று நான்கு நாளில் மறைந்துவிடும்,
இன்றைக்குக் கடலில் இறங்க வேண்டாம்,
வெதுவெதுப்பாக நீர் குடியுங்கள் என்று
பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் சொல்லிச் சொல்லி
என் நாக்கும் வழவழவென்று ஆகிவிட்டது.

மாலை வீடு, குவாத்ர் போர்னில்.
சிவராமென் இருபத்தாறு வருடம்
கியூர்பிப் சாரலுக்கும் போர்ட் லூயி வெயிலுக்கும் நடுவே
பஸ் ஓட்டியவன்.
ஸ்டீயரிங் அவன் தோளில் குடியிருக்கிறது, வாடகை தராமல்.
'ஊருக்கெல்லாம் தேய்க்கிறாய். எனக்கு?'

இதே முதுகில் தைப்பூசத்துக்கு
ஐம்பத்து நான்கு வேல் வாங்கியவன்.
ஒரு சொட்டு வரவில்லை, தெருவே பார்த்தது.
பிப்ரவரியில் நெஞ்சுக்குள் கம்பிச்சுருள் வைத்தார்கள்.
இப்போது காலையில் ஒன்று, இரவில் ஒன்று,
ரத்தத்தை உறைய விடாத மாத்திரை.
சவரத்தில் கீறிய தாடை அரை மணி நேரம் அழுகிறது.
இந்த ரத்தத்தின் மேல் கல்லை இழுத்தால்
தோலுக்கடியில் நீலம் கிளம்பும், எங்கே நிற்குமோ தெரியாது.
மாத்திரையைக் கேள், அப்புறம் கல்லைத் தொடு:
மொனிக் கற்றுத் தந்த முதல் வாக்கியம்.

'வேலுக்குப் பயப்படாதவனைக்
கூழாங்கல்லுக்குப் பயப்படச் சொல்கிறாயா?'
'பயம் உனக்கில்லை. எனக்கு.'

மீன் வின்டே ஆறிப்போனது.
சுவரைப் பார்த்துச் சாப்பிட்டான்.

படுக்கும் முன் துண்டை வெந்நீரில் நனைத்துப் பிழிந்தேன்,
என் மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்த்தேன்,
அவன் தோளில் விரித்தேன்.
மேலே கை. அழுத்தவில்லை, இழுக்கவில்லை,
வைத்தேன், அவ்வளவுதான்.
வேல் நின்ற இடங்களைத் தேடினேன்.
ஒன்றுகூட அகப்படவில்லை.

எழுந்து என் பையிலிருந்து கல்லை எடுத்தான்.
'திரும்பு.'
'எதற்கு?'
'நீயும்தான் நாளெல்லாம் ஓட்டுகிறாய்.'

எண்ணெய் இல்லாமல், கீழிருந்து மேலே,
சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பவனைப் போல.
'எண்ணெய்' என்றேன்.
பாதிப் புட்டியைக் கவிழ்த்தான்.
'எலும்பின் மேல் ஏறாதே' என்றேன்.
'எங்கே எலும்பு?' என்றான்.
'இருபத்தாறு வருடம் ஓட்டியவனுக்கு
நடுக்கோடு தெரியாதா?'

கல் இடப்பக்கம் ஒதுங்கியது.
வேகம் குறைந்தது.