பதினாலாவது பாடம்

பிப்ரவரி பிறந்தால் எங்கள் பள்ளிக்கூடம்
கலிஃபோர்னியாவுக்குக் கிளம்பும்.
பின்னால் நானூற்றெட்டுத் தேன்பெட்டிகள்,
முன்னிருக்கையில் ஸிக்னி,
அவள் மடியில் பள்ளிக்கூடம்.

வாதுமை பூக்கும்போது அங்கே.
ஆப்பிள் பூத்தால் வாஷிங்டன்.
க்ளோவர் தலைகாட்டிய பிறகே
வடக்கு டகோட்டாவில் சொந்தக் கட்டில்.
பூ எந்தப் பள்ளி மணிக்கும் காத்திருப்பதில்லை.
இரண்டு ஊர்ப் பள்ளிகளில் சேர்த்தோம்,
இரண்டிலும் வருகைப் பதிவேடு அவளைக் கைவிட்டது.
அப்புறம்தான் இந்த மடிக்கணினி.
மூடியில் மெழுகுக் கறை.
தேன் பட்டு ஏழாம் எண் மட்டும் ஒட்டிக்கொள்ளும்,
ஏழை இரண்டு முறை குத்த வேண்டும்.

சிக்னல் செத்துப்போன யூட்டாவில்
முந்தின இரவு இறக்கி வைத்த பாடம் ஓடுகிறது:
ஓர் ஏரி எப்படி வற்றி உப்பாகிறது.
கண்ணாடிக்கு வெளியே அதே உப்பு, மைல் கணக்கில்.
ஸிக்னி நிமிர்கிறாள்.
திரை. ஜன்னல். மறுபடி திரை.
நான் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தேன்.

வயது பத்து.
வாசிப்பில் ஏழாம் வகுப்பு, கணக்கில் நாலாம் வகுப்பு.
பெட்டிக்கு அதில் ஒரு புகாரும் இல்லை.
ஓடிப் பிடிக்க ஆள் தராது அது, உண்மைதான்.
மாரிட் அதைச் சொல்லும்போதெல்லாம்
நான் கயிற்றை இறுக்கப் போய்விடுவேன்.

டர்லாக் விடுதியில் ஓர் இரவு
இருவரும் தூங்கிய பிறகு
குளியலறை வெளிச்சத்தில் அதைத் திறந்தேன்.
பதினாலாவது பாடம். பின்னங்கள்.
என் ஆறாம் வகுப்பில் திருமதி கெல்சோ
இதே இடத்தில் ஒரு பெருமூச்சு விட்டாள்.
முப்பது வருஷமாக அது என் பிடரியில் இருக்கிறது.
சர்க்கரைப்பாகை இன்னும் கண்ணளவில்தான் கலக்குகிறேன்.

மூன்றில் ஒன்றும் நாலில் ஒன்றும்?
ஏழில் இரண்டு, என்றேன்.
இல்லை, என்றது. ஒரு வட்டம் வரைந்தது.
ஏழில் இரண்டு.
இல்லை. அதே குரல்.
பதினோரு முறை.
அது கடிகாரம் பார்க்கவில்லை.
பின்வரிசையில் யாரும் சிரிக்கவில்லை,
பின்வரிசையே இல்லை.
பன்னிரண்டாம் முறை வட்டம்
பன்னிரண்டு துண்டாகி நின்றபோது
நாலு துண்டையும் மூன்று துண்டையும்
விரலால் தொட்டு எண்ணினேன்.

பன்னிரண்டில் ஏழு.
ஏழை இரண்டு முறை குத்தினேன்.

காலையில் ஸிக்னியின் புருவம் சுருங்கியது.
“பதினாலாவது முடிஞ்சிடுச்சுன்னு சொல்லுது.
நான் தொடவே இல்லையே.”
மாரிட் காப்பியைக் கலக்கியதையே கலக்கிக்கொண்டிருந்தாள்.
கட்டியிருந்த பூட்ஸ் கயிற்றை
அவிழ்த்து மறுபடி கட்டினேன்.

“பதினோரு தப்பு,” என்றாள்.
கொஞ்ச நேரம் திரையையே பார்த்தாள்.
பிறகு குரலைத் தாழ்த்தி,
“அப்பா,
ஏழு உனக்கும் ஒட்டிக்கிச்சா?”