காது கொடுத்த பக்கம்

வியாழனுக்குள் ஒரு முகம் வேண்டுமாம்.
தோளுக்கு மேலே, சாம்பல் நிறப் பின்னணி,
பல் தெரிந்தால் நல்லது, கட்டாயமில்லை.
கம்பெனி இரண்டாயிரம் குரோனர் தரும்.
இருபத்தாறு வருடம் படகின் அடிவயிற்றில்
எண்ணெயோடு கிடந்தவளைக்
கரைக்குக் கூட்டிவந்து நாற்காலி கொடுத்தார்கள்.
நாற்காலிக்கு முகம் தேவைப்படுகிறது.
எந்திரம் கேட்டதே இல்லை.

பெர்கனில் மழை.
வழக்கம்போல என்று எழுதவும் அலுப்பு.
மடிக்கணினி, ஆறின காப்பி,
ஒவ்வொரு புகைப்படக்காரராகத் திறந்து பார்க்கிறேன்.

முதல் ஆள் நாற்பத்திரண்டு பேரை எடுத்திருக்கிறார்.
பல் மருத்துவர், வக்கீல், வீட்டுத் தரகர்,
கை கட்டாத ஒருவர்கூட இல்லை.
ஒரே நகைச்சுவையைக் கேட்டுப்
பாதிச் சிரிப்பில் நிறுத்திக்கொண்டவர்கள்.
எங்கள் ஒட்வாரும் அங்கே இருக்கிறான்,
பதினேழாவது படம்,
காப்பீடு விற்கிறவன் மாதிரி.
எந்திர அறைக்குள் தண்ணீர் ஏறிய இரவில்
வாயில் வந்த கெட்ட வார்த்தையெல்லாம் பேசிக்கொண்டு
விடியும்வரை பம்பை விடாமல் பிடித்திருந்தான்.
அந்த முகத்தை எதால் துடைத்தார்கள்?
சுருக்கம் நீக்கத் தனியாக நானூறு
என்று கீழே விலை போட்டிருந்தது.

எனக்கு இடது காது செத்து ஒன்பது வருடம்.
யார் பேசினாலும் வலது காதைத் திருப்புகிறேன்.
காது கொடுத்தால் முகம் கொடுக்க முடிவதில்லை.
முகம் கொடுத்துப் பேசமாட்டாள், திமிர் பிடித்தவள்
என்று துறைமுகத்தில் எனக்கொரு பேர்.
தங்கை கல்யாணப் படத்தில்
எல்லோரும் கேமராவைப் பார்க்க
நான் தேவாலயச் சுவரைப் பார்க்கிறேன்.
"இங்கே பாருங்க" என்பார்கள்.
சொன்னதுமே திரும்பிவிடுகிறது கழுத்து.
பாஸ்போர்ட் படமெடுக்கும் பெட்டி மட்டும்தான் வாய் திறக்காது.
அதில் நேராக இருக்கிறேன்,
ஜாமீன் கிடைக்காதவளாக.

இரண்டாவது ஆளிடம் போனில் இதைச் சொன்னேன்.
"கவலையே படாதீங்க,
கம்ப்யூட்டரில் நேராக்கிடலாம்."
கழுத்தையா?
"கழுத்தையும்."
நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

யோருன் மிக்லேபுஸ்ட் என்பவளிடம்
மொத்தமே ஒன்பது படங்கள்.
ஒன்றில் ஒரு மீன் வியாபாரி,
ஒரு கண் பாதி மூடியிருக்கிறது,
எடைக்கல்லைச் சந்தேகிக்கிற கண்.
மோசமான படம் என்று மூடினேன்.
மறுபடி திறந்தேன்.
மூன்றாம் முறை திறந்தபோதுதான்
விலை பார்க்க மறந்தது உறைத்தது.
இரண்டாயிரத்து அறுநூறு.
அறுநூறு என் கையிலிருந்து.

காதைப் பற்றிச் சொன்னதும்
கொஞ்ச நேரம் அவளிடம் சத்தமே இல்லை.
பிறகு கேட்டாள்:
"என்ன செருப்பு போட்டு வருவீங்க?"
தோளுக்கு மேலேதானே படம்?
"ஆமா. அடி மெல்லிசா இருக்கட்டும்."

நூர்ட்னெஸ் சரிவில், படகுத் துணி தைத்த பழைய கிடங்கு.
மரத்தளம்.
வெளிச்சத்தை நகர்த்தினாள், ஸ்டூலைக் காட்டினாள்,
நிமிரு என்றோ சிரி என்றோ ஒரு வார்த்தை இல்லை.
நான் கை நகத்தின் கறுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்,
கரைக்கு வந்தும் போகாத கறுப்பு.
அப்போது கேமராவுக்குப் பின்னாலிருந்து
குதிகாலால் தரையை ஒரு தட்டு.

பேரிங் தேய்ந்தால்
காதுக்கு முன்னால் பாதத்துக்குத்தான் தெரியும்.
உள்ளங்கால் வழியே ஏறி வந்தது அது.
என்ன பழுது என்று
நேராக நிமிர்ந்தேன்.

அவ்வளவுதான். மொத்தம் பதினொரு தட்டு.
நாலாவதைக் கம்பெனிக்கு அனுப்பினேன்.
பல் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை ஒட்வார் திரையருகே குனிந்து
வெகுநேரம் பார்த்தான்.
பிறகு என் வலது பக்கமாகச் சுற்றி வந்து கேட்டான்:
"நான் என்னடி தப்பு செஞ்சேன்?"