உருப்படி ஆறு

கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை.
யார் என்ன சொன்னார்கள் என்பது போதும்,
எப்படிச் சொன்னார்கள் என்பது வேண்டாம் என்று
முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.

செந்தூல், சமூக மண்டபத்தின் மேல்மாடி.
குளிர்சாதனம் ஒன்று ஓடுகிறது, ஒன்று சொட்டுகிறது.
சொட்டும் இடத்தில் மைலோ டின்.

தாலினிலிருந்து வந்த ஆன்னிக்கா
சுவரில் ஒரு முக்கோணத்தை விழவைத்தாள்.
ஒரு முனையில் ஆய்வு, ஒன்றில் கொள்கை, ஒன்றில் களப்பணி.
எங்கள் ஊரில் இந்த மூன்றும்
நெடுங்காலம் மூன்று கட்டடங்களில் இருந்தன,
நடுவில் பனி, என்றாள்.
அவள் அதைச் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

முனைவர் கோமளவல்லியிடம் நானூற்றுப் பன்னிரண்டு படிவங்கள்.
வேலையும் இல்லை, படிப்பும் இல்லை என்ற கட்டத்தில்
முப்பத்தெட்டு விழுக்காடு.
அமைச்சிலிருந்து வந்த புவான் நோர்ஹயாத்தி
அந்த எண்ணை மட்டும் வட்டமிட்டுக்கொண்டார்.
வெள்ளிக்கிழமைக்குள் மேலே போகவேண்டும்.
மேலே இருப்பவர்கள் ஒரு பக்கத்துக்கு மேல் படிக்கமாட்டார்கள்.

கீழ்த்தளத்தில் பையன்களுக்கு மோட்டார் பழுதுபார்க்கச் சொல்லித்தரும் சத்தியசீலன்
நகக்கண்ணில் எண்ணெயோடு உட்கார்ந்திருந்தான்.
"என்கிட்ட அம்பத்தாறு பேரு இருக்கானுங்க.
விழுக்காடுன்னு ஒருத்தனும் இல்ல."
யோசித்துப் பார்த்து,
'களப்பணியாளர் கருத்துத் தெரிவித்தார்'
என்று எழுதினேன்.

உருப்படி ஆறு: இளையோர் குரல். பத்து நிமிடம்.

யுகேந்திரன் வந்து சேர்ந்தபோது நான்கு நிமிடம் போயிருந்தது.
தலைக்கவசத்தை எங்கே வைப்பதென்று பார்த்து
மடியிலேயே வைத்துக்கொண்டான்.
பிறகு சுவரைப் பார்த்தான்.
"நடுரோட்டுல வண்டி படுத்துட்டா
பின்னால வைப்பாங்களே, அதுவா?"

ஆன்னிக்காவின் காதருகே மொழிபெயர்த்தேன்.
அவள் தன் தாளில் எழுதினாள்,
அந்த ஒரு வரிக்கு வேண்டியதைவிட அதிக நேரம்.

"இந்தப் பாரத்த எப்ப கொடுத்தீங்க?"
காலை பத்து மணிக்கு, வீடு வீடாக.
"பத்து மணிக்கு நாங்க தூங்குவோம் லா.
விடியக்காலம் மூணு வரைக்கும் சாப்பாடு ஓட்டுறோம்.
கதவத் தொறந்தது யாரு?
வேல இல்லாதவன்தான் தொறந்திருப்பான்."

டின்னில் ஒரு சொட்டு.
கோமளவல்லி பேனா மூடியைக் கழற்றி மறுபடி மாட்டினார்.
நோர்ஹயாத்தியின் வட்டம் மையால் போட்டது, அழியாது.
சத்தியசீலன் மட்டும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான்,
பையனுக்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறதென்று.

சரி, எப்போது விழித்திருப்பீர்கள்? எங்கே?
கேட்டது புவான்தான், மலாயில்.
"ரெண்டு மணிக்கு. சி புளோக் கீழ, மாமாக் கடை.
லிப்ட்டு ஓடாது, அதனால எல்லாரும் கீழதான்."
கைப்பேசி கூவியது. கெப்போங்குக்கு இரண்டு நாசி கோரெங்.
அவன் போனபின் உருப்படி ஆறில்
இன்னும் ஒரு நிமிடம் மீதமிருந்தது.
யாரும் அதை எடுத்துக்கொள்ளவில்லை.

வியாழன் இரவு நானும் போனேன். மிகைநேரப் படி கிடையாது.
புவான் சிலிப்பர் போட்டிருந்தார்.
தே தாரிக் சிந்தி படிவங்கள் மேசையோடு ஒட்டிக்கொண்டன.
முழுநேரம், பகுதிநேரம், லாயின்-லாயின்.
எல்லாரும் படிக்காமலே லாயின்-லாயினைக் கிறுக்கித் தள்ளினார்கள்.
கோமளவல்லி படிவத்தைக் கவிழ்த்துவிட்டு
படிவத்தில் இல்லாத ஒன்றைக் கேட்டார்:
மழை பெய்தால் எங்கே ஒதுங்குவீர்கள்?
பன்னிரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள்.
ஒருவன் கையை நீட்டி ஒரு மேம்பாலத்தைக் காட்டினான்.
சத்தியசீலன் யாருடைய சங்கிலியையோ இறுக்கிக்கொண்டிருந்தான்.
என் பேனா பின்தங்கியது.

வெள்ளிக்கிழமை அந்தப் பக்கம் மேலே போனது,
முப்பத்தெட்டு விழுக்காட்டோடு. மாற்ற நேரமில்லை.
தட்டச்சு செய்தது நான்.
அடியில், சின்ன எழுத்தில்,
'காலை பத்து மணிக்கு எடுத்த கணக்கு' என்று சேர்த்தேன்.
அடிக்குறிப்பு எழுதுவது என் வேலை அல்ல.
இருந்தாலும்
ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிட்டது.