கடைசிப் பெயர்

படிவத்தில் இரண்டு பெட்டிகள்.
முதல் பெயர், கடைசிப் பெயர்.
இரண்டாவதைக் காலியாக விட்டால்
அடுத்த பக்கம் திறக்க மறுத்தது.
இனிஷியலைப் போட்டுப் பார்த்தேன்,
ஒற்றை எழுத்து போதாதாம்.
துரைசாமி என்று அடித்தேன்.
திறந்தது.

அப்படித்தான்
கீரணத்தம் டெக் பார்க், ஐந்தாவது மாடி,
பெயரைச் சொல்லக் கூடாதென்று கையெழுத்து வாங்கிய ஒரு வங்கியில்
என் அப்பா பத்து வாரம்
இன்டர்ன்ஷிப் செய்தார்.

அட்டையில் முகம் என்னுடையது.
லண்டனிலிருந்து வந்த முதல் மெயில்:
வணக்கம் துரைசாமி, நல்வரவு.
இரண்டாவது:
துரைசாமி, அந்த டேபிளை ஏன் தொட்டாய்?
என் பெயர் பூவிழி என்று பணிவாக எழுதினேன்.
நன்றி துரைசாமி, குறித்துக்கொண்டேன்
என்று பதில் வந்தது.

அப்பாவுக்குக் கருமத்தம்பட்டி எடைமேடையில்
இரவு ஷிஃப்ட்.
பஞ்சு லாரி, கோழித்தீவன லாரி, ஜல்லி.
ஹோப் காலேஜில் பஸ் மாறி நான் வந்து சேரும்போது
அவர் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருப்பார்.
"ஏனம்மிணி,
பேங்குல இன்னைக்கு நான் என்ன பண்ணிப்போட்டேன்?"

பாஸ்வேர்டை மூணு தடவை தப்பா அடிச்சு
வெளிய நின்னீங்க.
மீட்டிங்குல ஒரு மணி நேரம் வாயே திறக்கலீங்க.
"நானா?
இருக்காதே."

கொடுத்த வேலை சின்னது.
இரண்டு பட்டியல்.
விற்றோம் என்று நாங்கள் சொல்வது ஒன்று,
வாங்கினோம் என்று எதிர்த்தரப்பு சொல்வது ஒன்று.
நடுராத்திரி இரண்டையும் அருகருகே வைத்து
பொருந்தாததைத் தனியே எடுக்க ஒரு புரோகிராம்.
பொருந்தாததை அங்கே பிரேக் என்பார்கள்.
எங்கள் டீமில் வெள்ளியங்கிரி
பிரேக் என்ற சொல்லைக் கேட்டால் மட்டும்
ஹெட்போனில் ஒரு காதைக் கழற்றுவார்.

ஆறாவது வாரம்
இரண்டு காதையும் கழற்றினார்.
நானூற்றுப் பன்னிரண்டு பிரேக்.
எல்லாமே ஒரு பென்னி, இரண்டு பென்னி.
துரைசாமியின் கோடில் பிழை என்று
நாற்பது பேருக்கு நகலிட்டு மெயில்.

அன்றைக்கும் கேட்டார்.
"தப்புக் கணக்குப் போட்டீங்க.
நாப்பது பேருக்குத் தெரிஞ்சுபோச்சு."
பொத்தானில் விரல் நின்றது.
"எவ்வளவு?"
ஒரு பென்னிங்க. நம்ம காசுக்கு ஒரு ரூவா.
"எங்க மேடைக்குப் பத்துக் கிலோவுக்குக் கீழ
கண்ணே தெரியாது"
என்று டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு போனார்.
சிரிக்கவில்லை.

மூன்று நாள் தேடினேன்.
ஹோப் காலேஜ் ஸ்டாப்பில், ஆனிக் காற்று
துப்பட்டாவை முகத்தில் அறைந்துகொண்டிருந்தபோது பிடிபட்டது:
வரிக்கு வரி தசமத்தை வெட்டிவிட்டுக் கூட்டியிருக்கிறேன்,
கூட்டி முடித்தல்லவா வெட்ட வேண்டும்.
வந்த பஸ்ஸை விட்டுவிட்டேன்.
அடுத்ததையும்.

ஒரு நாள் மட்டும் அப்பா கேட்கவில்லை.
ஸ்டைபண்டு வந்த நாள்.
என் பேங்க் கணக்குக்கு அவர் செல் நம்பர்தான்,
மெசேஜ் அங்கேதான் போயிருக்கும்.
அன்று சீக்கிரமே கிளம்பிவிட்டிருந்தார்.

லேப்டாப்பையும் அட்டையையும் ஒப்படைத்து
பதினேழாம் நாள் கடிதம் வந்தது.
அன்புள்ள துரைசாமி,
இந்த ஆண்டுக்கான இடங்கள் நிரம்பிவிட்டன.
போனைத் தள்ளிப் பிடித்து, கண்ணாடி போட்டு,
வரி விடாமல் படித்தார்.
"வுடு.
எனக்கு ஏற்கெனவே ஒரு வேலை இருக்குதில்ல"
என்றவர்,
போனை என்னிடம் தராமல்
கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார்.

ஆவணியில் வெள்ளியங்கிரியின் மெசேஜ்.
உன் புரோகிராம் லைவ் போயிடுச்சு.
ஓனர் பேரை மாத்த டிக்கெட் போட்டிருக்கேன்,
யாரும் எடுக்கல.

ராத்திரி ஒன்றேகால்.
எடைமேடையில் ஒரு பஞ்சு லாரி ஏறி
மூச்சு வாங்கி நிற்கும்.
அப்பா சீட்டுக் கிழிப்பார்.
அதே நேரம், எந்த ஊர் சர்வரிலோ,
துரைசாமி இரண்டு பட்டியலையும் இழுத்துப்போட்டு
முதல் வரியில் தொடங்குவார்.
எத்தனை பிரேக் என்று
எங்கள் வீட்டில் இப்போது
யாருக்கும் தெரியாது.