அறிமுகக் கட்டணம்

ஒன்றரை சதவீதம்.
சொல்லும்போது வாயில் கரைந்துவிடுகிறது.
வரியோடு சேர்த்து எழுதினால்
இரண்டாயிரத்து ஐந்நூற்று ஐம்பத்தாறு பவுண்டு.
குளியலறைக்கு ஓடு மாற்றியிருக்கலாம்,
கேரத் ஓடிப்போவதற்கு முன்பிருந்தே
ஒழுகிக்கொண்டிருந்த குளியலறை.

வீட்டை விற்றது நானும் கெதினும்.
மழையில், வாசலில் நின்று.
அவன் தோளில் தபால் பை,
என் கையில் குப்பைப் பை.
"போகப்போறீங்களா?" என்றான்.
"விலை போனால்."
"எவ்வளவு?"
சொன்னேன்.
கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தான்.
பேரம் அவ்வளவுதான்.

ஆறு மாதத்தில் மேடாக்ஸ் அண்ட் சன்
கூட்டிவந்தது மூன்று தரப்பு.
அந்த சன், கார்டிஃபில் பல் மருத்துவர்.
முதலில் வந்தவர் படிக்கட்டை எண்ணிவிட்டுப் போனார்.
ஒரு தம்பதி அடுப்படியிலேயே சண்டை போட்டார்கள்,
தேநீர் கொடுத்து அனுப்பினேன்.
கடைசிப் பெண்மணிக்கு மலை பிடிக்கவில்லையாம்.
அபெர்டேருக்கு வந்து மலை பிடிக்கவில்லை என்றால்
நான் என்ன, நகர்த்தியா வைக்க முடியும்?

ஒப்பந்தம் முடிந்து
ஒன்பதாவது நாள்தான் கெதின் கேட்டது.
நாட்காட்டியில் வட்டம் போட்டிருக்கிறேன்.
ஆனாலும் ஏழாம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது,
எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில்:
காலம் முடிந்த பின்னும்
எங்களால் அறிமுகமான எவர் வாங்கினாலும்.

அறிமுகம்.
அறிந்த முகம் என்றுதானே அர்த்தம்.
பத்தொன்பது வருடமாய் என் கதவுக்கு வருகிறவனை
எனக்கு யார் அறிமுகம் செய்வது?
விவாகரத்துத் தாளைக் கொண்டுவந்தவன் அவன்.
மார்புப் பரிசோதனையின் முடிவு வந்த காலை
உறையை நீட்டிவிட்டு
நான் பிரித்துப் படித்து முடிக்கும்வரை
பூட்ஸ் கயிற்றை மூன்று தடவை கட்டினான்.
ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன்.
அடுத்த வீட்டுக்குப் போனான்.

மேடாக்ஸின் பில்லையும் அவன்தான் கொண்டுவந்தான்.
கையெழுத்து வாங்கவேண்டிய தபால்.
"இதில் என் பேரும் இருக்குமோ?"
"இருக்கு, கெதின். உன்னைக் கண்டுபிடிச்சதே அவங்கதானாம்."
சிரித்தான். நானும்.
இரண்டாவது, மூன்றாவது கடிதங்களுக்குச்
சிரிக்கவில்லை.

மெர்த்திரில் சின்ன வழக்குகளுக்கென்று ஒரு சின்ன அறை.
ஜன்னல் திறக்காது.
மேடாக்ஸ் புதுச் சட்டை போட்டு வந்திருந்தார்,
காலர் மடிப்பில் குண்டூசி எடுக்காமல்.
கோபமாக வந்தவளுக்கு
அந்தக் குண்டூசியையே பார்க்க வேண்டியதாயிற்று.
நீதிபதி கெதினிடம் கேட்டார்:
பத்தொன்பது வருடமாகக் கேட்காததை
அன்றைக்கு ஏன் கேட்டீர்கள்?

அவன் என்னைப் பார்த்தான்.
பிறகு நேராக நீதிபதியை.
"பலகை இருந்தது, ஐயா. விற்பனைக்கு என்று.
இல்லாட்டி கேட்டிருக்க மாட்டேன்."

ஒப்பந்தம் முடிந்தும்
மேடாக்ஸ் பிடுங்க மறந்த பலகை.
அதை நானும் பிடுங்கவில்லையே.

திரும்பும் பஸ்ஸில் இரண்டு நிறுத்தம் வரை
அவனோடு பேசவில்லை.
மூன்றாவது நிறுத்தத்தில் புதினா மிட்டாய் நீட்டினான்.
வாங்கிக்கொண்டேன். என்ன செய்ய,
வேறு பதில் சொல்லியிருந்தால்
இவனுக்கு வீட்டைக் கொடுத்ததற்கு வருந்தியிருப்பேன்.

இப்போது கோழிக்கூண்டுக்கு
அந்தப் பலகைதான் கூரை.
மேடாக்ஸின் தொலைபேசி எண்மேல்
மழை விழுகிறது.

தீர்ப்பு தபாலில் வருமாம்.
நீதிமன்றத்தில் இருப்பது என் பழைய முகவரி.
ஆக, அவனே தூக்கிக்கொண்டு மேடேறி
அவன் கதவிலேயே போட்டு
உள்ளே போய், குனிந்து எடுத்து,
பஸ் பிடித்து என்னிடம் வருவான்.

நான் படிக்கும்வரை
கயிற்றைக் கட்டிக்கொண்டிருக்கட்டும்.