மூன்றாவது கேசட்

கழனிவாசல் பிரதர்ஸில்
எவனும் எவனுக்கும் அண்ணன் தம்பி இல்லை.
போர்டு எழுதியவர் எழுத்துக்கு இவ்வளவு என்றதால்
என் பெயர் விடுபட்டது.
நான் கோரஸ்.
மூன்று ஆண்குரல்களுக்கு மேலே ஓடும் ஒரு நூல்.

இரண்டாவது கேசட்டை
பூட்டிக் கிடந்த வீடொன்றின் இரண்டாம் கட்டில் பதிந்தோம்,
வாடகை இல்லை என்பதற்காக.
முட்டைவெள்ளை பூசிய சுவர்
பாடியதை வாங்கி வைத்துக்கொண்டு
கொஞ்சம் தாமதித்துத் திருப்பித் தந்தது.
சாத்தையா திட்டிக்கொண்டே தாளத்தை மெதுவாக்கினார்:
"சுவரும் வந்து சேரட்டும்."
அருளப்பன் எங்களுக்கு முதுகைக் காட்டித்
தூணைப் பார்த்து டிரம்பெட் ஊதினான்.
நான்காம் பாட்டில் ஒரு புறா எழுந்து பறக்கும்.
அழித்துப் பதிய டேப் இல்லை.

ஓடியது.
பொன்னமராவதி பஸ், தேவகோட்டை பஸ்,
கல்லுக்கட்டியில் டார்ச் ரிப்பேர் கடையில்கூட.
ஈப்போவிலிருந்து ஒருவர் எழுதினார்,
அந்தப் புறாவைக் கேட்டதாகச் சொல்லவும் என்று.
ஏழாயிரம் விற்றதாம்.
எனக்கு ஒரு மிக்ஸி வந்தது.

பிறகு காதர் சிங்கப்பூரிலிருந்து கீபோர்டு கொண்டுவந்தான்.
அதற்குள் டிரம்பெட் இருந்தது,
பன்னிரண்டு வயலின் இருந்தது,
'ஹால்' என்று ஒரு பொத்தானும்.
அமுக்கினால் எங்கள் குரலுக்குப் பின்னால்
பெரிய கூடம் ஒன்று திறந்துகொள்ளும்.

அருளப்பன் அமுக்கிக் கேட்டான்.
இன்னொரு முறை.
"இது எந்த ஊர் வீடு?"
யாருக்கும் தெரியவில்லை.
டிரம்பெட்டில் தேங்கிய எச்சிலை உதறிப் பெட்டியில் வைத்து
ஐந்துவிளக்குப் பக்கம் டீ குடித்துவிட்டு வருகிறேன் என்றான்.

மூன்றாவது கேசட் இரட்டிப்பாக விற்றது.
மறைக்க ஒன்றுமில்லை, எனக்கு அது பிடித்திருந்தது.
ஒரே ஒரு பாட்டுக்கு
காதர் அந்தப் பொத்தானை அணைத்து
என்னைத் தனியே பாடவிட்டான்.
சுவர் இல்லை, கூடம் இல்லை, கோரஸ் இல்லை.
பிளேபேக்கில் கேட்டபோது
இவ்வளவு ஒல்லியா நான் என்று பயந்தேன்.
வீட்டுக்குப் போய்
பதினோரு தடவை போட்டுக் கேட்டேன்.

போன மாசியில் குன்றக்குடி ரோட்டில் அருளப்பன்.
தலை நரைத்து, பின்சீட்டில் சிமெண்டு மூட்டை.
கேசட்டைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும்.
வண்டியைச் சாய்த்து உதைக்கும்போதுதான் சொன்னான்:
"உன் தனிப்பாட்டில், இரண்டாம் சரணத்துக்கு முன்னால்
மூச்சு வாங்குறே."
"தெரியுது இல்ல? காதரிடம் வெட்டச் சொன்னேன்."
"புறா" என்றான்.

மூன்றாவது உதையில்தான் வண்டி கிளம்பியது.